மலை ஏறி இறங்கும் வண்டி

“இறக்கத்துல பிரேக்கே பிடிக்கலைன்னு சொல்றேன், நீ…”

“நல்லாத்தான் பிடிக்குது, உனக்குத்தான்மா ஓட்டத் தெரியாம…”

“தெரியாமலா புத்தூர்லேர்ந்து ஓட்டிக்கினு வந்தேன்? என் புள்ளைங்க ஏறுற வண்டி இது. சரிபண்ணிக் குடு, இல்ல திருப்பி எடுத்துக்கோ!”

திருப்பதியில் பழைய கார் விற்கும் சுதீர், செங்கமலத்தைப் போல எத்தனை பேரைப் பேசியே அனுப்பியிருக்கிறான்! நாற்காலியை விட்டு எழவேயில்லை.

“வித்தது வித்ததுதான். ஏழுமலையான் சத்தியமா சொல்றேன், அந்த பிரேக்கை நம்பி மலையே ஏறி இறங்கலாம்.”

“சத்தியமா?”

“சத்தியமா!”

செங்கமலம் சாவியை விரலில் சுழற்றினாள். “அப்போ சண்டை வேணாம் நைனா. இப்பவே மலைக்குக் கிளம்பறேன்.”

“போயிட்டு வா. எனக்கும் லட்டு கொண்டா” என்று சிரித்தான் சுதீர்.

“வாசல்ல உங்கம்மா நின்னுக்கினு இருந்தாங்க. அவங்களும் மலைக்குத்தானாம். பின் சீட்டுல ஏறி உட்கார்ந்துட்டாங்க. கூட்டிக்கினு போவட்டா?”