காற்றை இறக்கியவன்

"ஏ வெங்கி! ஏத்துன காத்தைத் திரும்ப இறக்குதான், பாரு!"

லூர்தம்மாள் போட்ட சத்தத்தில் ஷெட்டைச் சுற்றி நின்ற மும்பை கோவண்டித் தமிழ்க் கூட்டமே திரும்பியது. மெக்கானிக் தனசீலன் வண்டியின் நடுச் சக்கரத்தில் வால்வை அமுக்கிப் பிடித்திருந்தான். உஸ்ஸென்று காற்று போய்க்கொண்டிருந்தது.

"என்னண்ணே பண்றீங்க? மண்டையில ஏதாச்சும் இருக்கா?" வெங்கி பாய்ந்து வந்தான். ஏரியா இளைஞர் சங்கத்தின் செகரட்டரி. குரல் எப்போதும் ஒரு படி மேலேதான்.

"ட்ராக் ரொம்ப டைட்டு. இப்படியே ஓட்டுனா அறுந்துரும்" என்றான் தனசீலன், நிமிராமல்.

"இப்பத்தானே சரியா இருக்குன்னீங்க?"

தனசீலன் அடுத்த வால்வுக்கு நகர்ந்தான்.

விடிவதற்குள் நண்டு பிடிக்கப் போன லூர்தம்மாளின் மகன் சாஜன் இன்னும் வீடு திரும்பவில்லை. கடல் வற்றி, கண்ணுக்கு எட்டிய மட்டும் சேறு. படகு தரை தட்டும். ஆள் இறங்கினால் இடுப்புவரை இழுக்கும். சேற்றிலும் ஓடும், தண்ணீரிலும் மிதக்கும் என்று அந்தப் பக்கத்தில் இருப்பது இந்த ஆறு சக்கர வண்டி ஒன்றுதான். அலையாத்திக் காட்டில் குப்பை வாருகிற ஒரு கம்பெனியுடையது. அதன் டிரைவர் கரையோரமாகத் தேடப் போயிருந்தார். பாழாய்ப்போன அதற்கும் இன்றைக்கென்று பார்த்து, சக்கரங்களைச் சுற்றி ஓடும் ரப்பர் பட்டை, அதுதான் ட்ராக், கழன்று கிடந்தது. சாயங்காலம் கடல் ஏறிவிட்டால் அப்புறம் தேடி என்ன பிரயோஜனம்?

சும்மா சொல்லக் கூடாது, தனசீலன் முதலில் பேயாகத்தான் உழைத்தான். பட்டையைத் தரையில் விரித்து, வண்டியை அதன்மேல் உருட்டி, இரண்டு முனையையும் இழுத்துச் சேர்த்து இரும்புப் பின்னைச் செருகினான். சக்கரங்களுக்குக் காற்று ஏற ஏறப் பட்டை விறைத்தது. "ஆச்சு மதினி, கிளம்பிரலாம். நானே ஓட்டுதேன்" என்று சொன்னதும் அவன்தான்.

அந்த நேரம் பார்த்து அவனுக்கு ஒரு போன் வந்தது. "ஹாங்... சமஜ் கயா." புரிந்தது என்று இந்தியில் அவ்வளவுதான் பேசினான். ஸ்பேனர் எடுத்து வருகிறேன் என்று ஷெட்டுக்குள் போனவன் ஆடி அசைந்து வந்தான். வந்ததிலிருந்து இதே கூத்து. காற்றை இறக்குவான், பட்டையைக் கையால் தூக்கிப் பார்ப்பான், "லூசு" என்பான். ஏற்றுவான், "டைட்டு" என்பான். மறுபடி இறக்குவான்.

"எய்யா தனசீலா, நீயும் நம்ம ஊர்க்காரந்தானய்யா. ஒரே சர்ச்சுக்குத்தான போறோம். எம் பிள்ளை சேத்துக்குள்ள நின்னு கத்திக்கிட்டுக் கெடப்பான். ஒன் கால்ல விழுதேன். நானும் ஏறிக்கிடுதேன், வண்டிய எடுய்யா!"

"பொறுங்க மதினி. நடுச் சேத்துல ட்ராக் கழண்டா, போனவன் திரும்பி வர முடியாது."

வெங்கிக்குப் பொறி தட்டியது. "அந்தப் போன்! கம்பெனிக்காரன்தான் பேசியிருக்கான். தேடப் போன இடத்துல ஏதாச்சும் ஆனா கம்பெனி மேல கேஸ் வரும், இழுத்தடின்னு சொல்லியிருப்பான். இவரும் சலாம் போட்டுட்டாரு!"

"அப்படியாய்யா தனசீலா?"

தனசீலன் மறுபடி வால்வில் கை வைத்தான். கூட்டத்துக்கு அதுவே போதுமானதாக இருந்தது.

"தள்ளுங்க. நானே ஏத்துறேன், நானே ஓட்டுறேன்!" வெங்கி காற்றுக் குழாயைப் பிடுங்கினான். அதில் பெரிய வித்தை ஒன்றுமில்லை, பட்டை விறைத்தது. லூர்தம்மாள் சேலையைத் தூக்கிச் செருகிக்கொண்டு வண்டியில் ஒரு காலை வைத்துவிட்டாள்.

தனசீலன் என்ன செய்தான் தெரியுமா? குனிந்து, பட்டையின் மூட்டில் கம்பியை வைத்துச் சுத்தியலால் ஓங்கி அடித்தான். பட்டை அவிழ்ந்து விழுந்தது. வெளியே வந்த இரும்புப் பின்னை எடுத்துத் தூரச் சேற்றில் வீசி எறிந்தான்.



"நாசமாப் போவ! ஒனக்கும் ஒரு பிள்ளை இருக்குல்லா? அவன் இப்படிக் கெடக்கும்போது தெரியும்ல ஒனக்கு!" லூர்தம்மாள் மண்ணை வாரித் தூற்றினாள்.

வெங்கி விட்ட அறையில் தனசீலன் கீழே விழுந்தான். யார் யாரோ மிதித்தார்கள். அவன் திருப்பி அடிக்கவில்லை, முகத்தைக்கூட மறைக்கவில்லை. கிழிந்த உதட்டோடு ரோட்டுப் பக்கமே பார்த்துக்கொண்டு கிடந்தான்.

ஒரு ஆட்டோ வந்து நின்றது. லூர்தம்மாளின் மகள் சுஜா, செம்பூரில் துணிக்கடையில் வேலை பார்ப்பவள், இறங்கி ஓடி வந்தாள். தம்பி எங்கே என்று யாரையும் கேட்கவில்லை. நேராகப் போய் அம்மாவைக் கட்டிப் பிடித்துக்கொண்டாள்.

லூர்தம்மாள் மகளின் முகத்தைப் பார்த்தாள். அப்படியே பின்னால் சரிந்தாள். சுஜா மட்டும் பிடித்திருக்காவிட்டால் பின்மண்டை வண்டி இரும்பில்தான் மோதியிருக்கும். அதற்கப்புறம் அவள் போட்ட சத்தத்தைக் கேட்க முடியவில்லை.

"சுஜா, இந்த ஆளுதான் வண்டிய எடுக்க விடாம..." வெங்கி இன்னும் தனசீலனின் காலரை விடவில்லை.

"அவரை விடுங்கண்ணே!" சுஜா அம்மாவை மடியில் சாய்த்துக்கொண்டு கதறினாள். "தம்பி படகுத்துறையில பொணமா ஒதுங்கிட்டான். அங்க தேடப் போன கம்பெனி டிரைவர் பார்த்துட்டு இவருக்குத்தான் மொதல்ல போன் பண்ணியிருக்காரு. இவரு அப்பவே ஷெட்டுக்குள்ள இருந்து என்னைக் கூப்பிட்டு, 'ஒங்கம்மைட்ட ஒத்தையில வச்சு இதச் சொல்ல எனக்கு மனசில்லம்மா, நீ வந்து பிடிச்சுக்கிடுத வரைக்கும் இந்த வண்டி ரெடியாகாது'ன்னு சொன்னாருண்ணே!"