இன்னும் ஏலாது, மிஸ்

"பயம் பத்துக்கு எத்தனை, அண்ணை?"

"ஏழு வரும், மிஸ்," என்றார் சில்வெஸ்ரர், கடலைப் பார்த்தபடி.

போன வியாழனும் ஏழுதான். நிலாந்திக்குச் சோர்வாக இருந்தது. காட்டிக்கொள்ளவில்லை. மனம் ஆற உளவளத்துணைக்குத் தன்னிடம் வந்தவர் முன்னால் பெருமூச்சு விடக்கூடாது.

சண்டை ஓய்ந்து, மீன்பிடித் தடை நீங்கிக் கடல் திறந்திருந்த வருஷம் அது. ஊர்காவற்றுறை அலுவலகத்துக்கு முதல் நாள் சில்வெஸ்ரரை அவர் மனைவி மாக்கிறேற்தான் கையில் பிடித்து இழுத்து வந்தாள். தம்பி இராயப்பு கண்முன்னே கடலில் மூழ்கிப் போனதிலிருந்து எட்டு மாதமாக வள்ளத்தில் ஏறவில்லையாம்.

"இப்பிடியே இருந்தால் வள்ளத்தை விக்கிறதைத் தவிர வேற வழியில்லை, மிஸ்," என்று அழுதாள்.

எல்லா நோவுக்கும் ஒரே மருந்து கொடுக்கிறவள் அல்ல நிலாந்தி. முதலில் தம்பியைப் பற்றிக் கதைக்கவிட்டாள். அதுவரை அழாத மனிதர் மூன்றாம் கிழமை குலுங்கிக் குலுங்கி அழுதார். பிறகு மூச்சுப் பயிற்சி. பிறகு மாக்கிறேற்றையும் கூட இருத்திக் கதைத்தாள். தம்பிக்காக மாதா கோயிலில் ஒரு பூசை ஒப்புக்கொடுக்கச் சொன்னதும் அவள்தான். சைவப் பிள்ளைக்கு இது எப்படித் தோன்றியது என்று மாக்கிறேற்றுக்கு ஒரே ஆச்சரியம்.

கடைசியில் கடற்கரைக்கு வந்தார்கள். ஒரு கிழமை காய்ந்த மணல், அடுத்த கிழமை ஈரமணல், அதற்கடுத்தது கணுக்கால் தண்ணீர். அங்கேதான் வில்லங்கம் தொடங்கியது.

"தனிய ஏலாது, மிஸ். நீங்களும் இறங்கினால் இறங்குவன்."

இறங்கினாள். போன வியாழன் முழங்கால் தண்ணீர்.

"நீங்கள் முன்னால நடவுங்கோ. நான் பின்னால வாறன்."

நடந்தாள். சின்னப் பிள்ளைகூட இவ்வளவு பிடிவாதம் பிடிக்காது. என்ன செய்வது, மனிதர் பயந்துபோயிருக்கிறார்.

இதற்கிடையில் கடலுக்கு அப்பால் நெடுந்தீவில் ஒன்பது பேர் பெயர் பதிந்துவிட்டு அவளுக்காகக் காத்திருந்தார்கள். மாக்கிறேற்றின் தங்கை அன்ரனிட்டா அவர்களில் ஒருத்தி. பிள்ளையைப் பறிகொடுத்த நாளிலிருந்து அவள் வாயே திறப்பதில்லை. "எப்ப போறீர்?" என்று மேலதிகாரி கேட்கும்போதெல்லாம், "சில்வெஸ்ரர் அண்ணையின்ர அலுவல் முடியட்டும்," என்றாள் நிலாந்தி. அது பொய்யும் அல்ல.

இன்று வள்ளம்.

"நாலு எண்ணும் மட்டும் மூச்சை இழுங்கோ, அண்ணை. ஆறு எண்ணி விடுங்கோ."

"நீங்களும் சேர்ந்து செய்யுங்கோ, மிஸ். அப்பதான் எனக்குப் பிடிபடும்."

செய்தாள். மூன்று தரம் செய்தாள். அவர் அசையவில்லை.

"இன்னும் ஏலாது, மிஸ். நீங்கள் முதல்ல ஏறுங்கோ."

ஏறினாள். பின்னால் அவரும் ஏறி, வள்ளத்தைத் தள்ளிவிட்டார். அது ஒருமுறை ஆடியது. நிலாந்தி பலகையை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டாள்.

"பயமா இருக்கோ, அண்ணை?"

"சரியான பயம். நீங்கள் கதைச்சுக்கொண்டே இருங்கோ."

கதைத்தாள். சுன்னாகத்துத் தோட்டம், வெங்காயம், கிணறு, அம்மாவின் முழங்கால் வலி என்று வாய் ஓயாமல் கதைத்தாள். கரையில் நின்ற மாக்கிறேற் விரலளவாகத் தெரிந்தபோதுதான் எவ்வளவு தூரம் வந்துவிட்டோம் என்று பார்த்தாள். சில்வெஸ்ரரின் முகத்தில் பதற்றமே இல்லை. அவளுக்கு அப்படி ஒரு சந்தோஷம்.

கரைக்குத் திரும்பியதும் ஓடிப்போய் மாக்கிறேற்றின் கைகளைப் பிடித்தாள். கண் கலங்கிவிட்டது.

"அண்ணை பயத்தை வெண்டிட்டார், அக்கா! இனிப் பயமில்லாமல் தொழிலுக்குப் போவார்!"

மாக்கிறேற் புருஷனைப் பார்த்தாள். அவர் வள்ளத்தைக் கட்டுகிற சாக்கில் குனிந்துகொண்டார்.

"பூசை முடிஞ்ச கிழமையே அவர் தொழிலுக்குப் போகத் தொடங்கிட்டார், மிஸ்," என்றாள் அவள் மெதுவாக. "அதைச் சொல்லத்தான் முதல் நாள் இந்த மணலுக்கு வந்தவர். கடலைக் கண்டு உங்கட கால் நடுங்கினதைப் பாத்திட்டு, அன்ரனிட்டாவிட்ட உங்களை எப்பிடியாவது கொண்டுபோய்ச் சேர்க்கவேணுமெண்டு வியாழனுக்கு வியாழன் பயந்து காட்டினவர்."