தீவின் நீளமுள்ள பேருந்து

கடல்மேல் ஆணை, இதில் ஓர் எழுத்துகூடப் பொய்யில்லை. இளவயதில் நான் சுற்றிப்பார்க்கப் போன தீவில் ஒரே ஒரு பேருந்துதான் இருந்தது. தீவின் நீளமே அதன் நீளம் என்பதால் அது ஓட இடமில்லை. கடற்கரையில் பின்வாசல் வழியாக ஏறி, உள்ளேயே நடந்துபோய், படகுத்துறையில் முன்வாசல் வழியாக இறங்க வேண்டும். கடைசிப் படகை விட்டால் ஊரில் என் வேலை போய்விடும் என்று நான் ஓடினேன். "அண்ணே, மெதுவா! டிரைவரையே முந்தப் பாக்குறீங்களே!" என்று நடத்துநர் அதட்டினார். பாதி வழியில், ஜன்னலோரம் பலாச்சுளை தின்றுகொண்டிருந்த ஒரு பெண் நகர்ந்து இடம் கொடுத்தாள். பெயர் பூங்கோதையாம்.

"இப்படி மூச்சு வாங்குதே, செத்த உக்காருங்க. படகு நாளைக்கும் வரும்."

"நாளைக்கும் நீங்க இங்க இருப்பீங்களா?"

"இந்த பஸ்ஸு எங்க போயிடப் போகுது?"

துறையில் படகு சங்கு ஊதியது. நான் அவளிடமிருந்து ஒரு சுளை வாங்கிக்கொண்டு உட்கார்ந்தேன். இன்றுவரை அந்த இருக்கையில்தான் எங்கள் குடித்தனம். எதிர் இருக்கையில் பிள்ளைகள் சண்டை போடுகிறார்கள். அவள் கோபித்துக்கொண்டால் நாலு வரிசை தள்ளிப்போய் உட்காருவாள், நான் போய்க் கூட்டிவருவேன்.

உண்மையில் அன்று அந்தக் கடைசிப் படகைப் பிடித்து ஊர் வந்து சேர்ந்துவிட்டேன். நான் கல்யாணம் செய்துகொள்ளவில்லை.