திறந்த வாசல்

வேலைக்குச் சேர்ந்து ஒரு வாரமே ஆன உதவியாளர், வாசனை பட்டதும் அந்துப்பூச்சியின் நரம்பில் சேதியைக் கடத்தும் நுண்ணிய வாசல்களில் எது திறக்கிறது என்று திரையில் பார்த்துக்கொண்டிருந்தாள். விஞ்ஞானி மேடத்தின் போன் அடித்தது.

"என்னங்க? பாப்பா விரல் கதவிடுக்குல மாட்டிக்கிச்சா? எலும்பு முறியலையே? அழறாளா? நிஜமாவே அழறாளா?"

மேடத்தின் முகமெல்லாம் சிரிப்பு. உதவியாளருக்குத் தூக்கிவாரிப் போட்டது. பெற்ற தாயா இவள்!

"குழந்தை அழுதுன்னா சிரிக்கிறீங்களே மேடம்?" என்று கேட்டே விட்டாள்.

மேடம் கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

"ஆறு வயசாகுதும்மா அவளுக்கு. வலி, வாசனை ரெண்டுமே தெரியாமப் பொறந்தவ. அவ நரம்புல அந்த வாசல் திறக்கவே திறக்காது. கால் எலும்பு முறிஞ்சதுகூடத் தெரியாம ரெண்டு நாள் ஓடி விளையாடினா. இந்தப் பூச்சிங்ககிட்ட நாங்க கத்துக்கிட்டுச் செஞ்ச மருந்தை மூணு மாசமா டாக்டருங்க குடுக்கிறாங்க. இன்னைக்குத்தான் முதல் தடவையா..."

மேடம் போனை ஸ்பீக்கரில் போட்டார்.

"வலிக்குதும்மா!" என்று தேம்பியது குழந்தை.

"நன்றி சாமி" என்று முணுமுணுத்த மேடம், கைப்பையை எடுத்துக்கொண்டு வாசலுக்கு ஓடினார்.

"இதோ வந்துட்டேன் கண்ணு. அம்மா ஊதிவிடுறேன்."

பெற்ற ஆறு வருஷத்தில் அவர் ஊதிவிடப்போகும் முதல் காயம் அது.