ஆறு மாத மனப்பாடம்

"மூச்சை இழு... அப்படியே பிடி... ம், விடு. பேசாதே கிளேட்டன்!"

"நான் எங்கே பேசினேன்? மத்தியானம் தின்ன சீமைப் பலாக்காய் பேசுது."

ரோசலின் சிரிக்கவில்லை. கண்ணை மூடிக்கொண்டு, ஸ்டெதஸ்கோப்பைக் கணவனின் நெஞ்சில் ஓர் அங்குலம் தள்ளி வைத்துக் கேட்டாள்.

அவள் இந்தக் கரீபியன் தீவின் மருத்துவக் கல்லூரி மாணவி. அவன் மாணவியின் கணவன். அதுவே ஒரு முழுநேர உத்தியோகம்தான். கான்சஸில் வீடுகளுக்குக் கூரை போட்டுக்கொண்டிருந்தவனுக்கு இங்கே வேலை பார்க்க அனுமதி இல்லை. தண்ணீர் வரும் நாளில் பீப்பாய்களை நிரப்புவான். மழை வருவதற்குள் துணியை எடுப்பான். மீன் பையை மடியில் வைத்துக்கொண்டு மினிபஸ்ஸில் வருவான். இறங்கும் இடம் வந்தால் பஸ்ஸின் தகரத்தைத் தட்டி நிறுத்துவான். மாணவர்களின் துணைவியர் சங்கத்தில் அவன் ஒருவன்தான் ஆண்பிள்ளை. வாழைப்பழ கேக் செய்வதில் அவனை அடித்துக்கொள்ள அங்கே ஆளில்லை.

வராந்தாவுக்கு எதிரே கடல் ஊதா நிறமாகிக்கொண்டிருந்தது. கூழைக்கடாக்கள் தலைகுப்புறப் பாய்ந்து மீன் பிடித்தன. வந்த புதிதில் அதைப் பார்த்து வாயைப் பிளந்தவன்தான். இப்போது அவனை மலைக்க வைப்பது இவள்தான். தோலுக்கும் எலும்புக்கும் பின்னால் கைமுஷ்டி அளவில் கிடக்கும் ஒன்று என்ன சொல்கிறது என்று காதால் கேட்டே கண்டுபிடிக்க முடியுமாமே! அந்தக் காது தன் மனைவிக்கு இருப்பதை நினைத்தால் அவனுக்குப் புல்லரித்தது.

"எப்படி, சரியா வருதா?"

"உன்னோடது ஆறு மாசமாக் கேட்டுத் தலைகீழ்ப் பாடம். தூக்கத்துல எழுப்பிக் கேட்டாலும் தாளம் போட்டுக் காட்டுவேன். மத்தவங்களைக் கேட்டாத்தான் குழம்பிடுது."

"அதனாலதானே அன்னிக்கே சொன்னேன்! பத்துப் பேர் நெஞ்சுல காதை வைக்காதே. ஒரு நல்ல நெஞ்சை மனசுல பதிய வச்சுக்க. அதுக்கு மாறா எது கேட்டாலும் நோய்னு எழுது. கூரை கோணலா இல்லையான்னு நாங்க ரசமட்டம் வச்சுப் பார்க்கற மாதிரி."

"நாளைக்கும் கோட்டை விட்டா?"

இதயத் தேர்வில் அவள் ஒருமுறை தோற்றாயிற்று. இரண்டாவது முறையும் தோற்றால் கல்லூரி மூட்டை கட்டச் சொல்லிவிடும். கட்டிக்கொண்டு எங்கே போவது? கான்சஸ் வீட்டை விற்றுவிட்டுத்தான் வந்திருந்தார்கள்.

மறுநாள் சாயங்காலம் காய்கறிப் பைகளோடு மேடேறி வந்த கிளேட்டன், படிக்கட்டில் பாதியில் நின்று கைப்பிடியைப் பிடித்துக்கொண்டான். கீழ் வீட்டுச் சொந்தக்காரி மிஸ் எர்னஸ்டின் ஜாதிக்காய் உலர்த்திக்கொண்டிருந்தாள்.

"என்ன தம்பி, நாலு படிக்கே இந்த மூச்சு வாங்குது? உன் வயசுல என் வீட்டுக்காரர் ஆட்டுக்கிடாயைத் தோள்ல போட்டுக்கிட்டு இந்த மேட்டுல ஓடுவாரு!"

"உங்க ஊர் வெயில் படுத்தற பாடு, மிஸ் எர்னஸ்டின். நாங்க சமவெளிக்காரங்க."

"ஆமாமா, கேக்கைக் குறைச்சுத் தின்னு!"

மேலே ரோசலின் வராந்தா தரையில் உட்கார்ந்து அழுதுகொண்டிருந்தாள்.

"போச்சு கிளேட்டன். ஒரு ஆளோட நெஞ்சைக் கேட்டுச் சொல்லச் சொன்னாங்க. வால்வு பழுதானவராம். நான் 'அருமையான இதயம், ஒரு குறையும் இல்லை'ன்னு அடிச்சுச் சொல்லிட்டேன்."

"உங்க பேராசிரியர் டாக்டர் பாப்டிஸ்ட் என்ன சொன்னார்?"

"என்னையே பார்த்தார். 'இதை யாரும்மா உனக்குச் சொல்லிக் குடுத்தது?'ன்னு கேட்டார். எல்லார் முன்னாடியும்! 'என் வீட்டுக்காரர், அவர் நெஞ்சுலதான் பழகினேன்'னு சொன்னேன். 'வீடு எங்கே?'ன்னார். அவ்வளவுதான்."

அவள் சொல்லி வாய் மூடவில்லை, கார் ஒன்று உறுமிக்கொண்டு மேடேறியது. டாக்டர் பாப்டிஸ்ட்டே படியேறி வந்தார். பேராசிரியர் ஒருவர் மாணவியின் வீட்டுக்கு வந்ததை அந்தத் தெரு கண்டதில்லை. மிஸ் எர்னஸ்டின் ஜாதிக்காயை விட்டுவிட்டு எழுந்தே நின்றுவிட்டாள்.

கிளேட்டன் முந்திக்கொண்டான். "சார், அவ மேல தப்பே இல்லை. படிப்பு தெரியாத நான்தான் யோசனை சொல்லிக் கெடுத்தேன். தப்பு என் மேலதான்."

"ஆமா, உன் மேலதான்," என்றார் அவர். "சட்டையைக் கழட்டு."

முன்னும் பின்னுமாக வெகுநேரம் கேட்டார். பிறகு குழாய்களைத் தம் காதிலிருந்து எடுத்து ரோசலினின் காதில் மாட்டி, வில்லையைத் தம் நெஞ்சிலேயே வைத்துக்கொண்டார்.

"போன வாரம்தான் பரிசோதனை பண்ணிக்கிட்டேன். பழுதில்லாத நெஞ்சு. கேட்டுச் சொல்லு."

ரோசலின் கண்ணை மூடினாள். மூடியபடியே அவள் முகம் மாறியது.

"சார்... லப், டப்புக்கு நடுவுல 'உஸ்'ஸுன்னு ஒண்ணு வருமே, அது உங்ககிட்ட இல்லையே!"

"இருக்கக் கூடாதும்மா," என்றார் அவர் மெதுவாக. "இன்னிக்கு பழுதான நெஞ்சை நல்லதுன்னு நீ அடிச்சுச் சொன்ன பிறகுதான், நீ பழகின நெஞ்சே பழுதோன்னு எனக்குப் பொறி தட்டுச்சு. தேர்வைப் பிறகு எழுதிக்கலாம். இந்த வாரமே இவரை ஊருக்குக் கூட்டிட்டுப் போய் வால்வை மாத்திடு, பிழைச்சுக்குவார்."

கிளேட்டன் தன் நெஞ்சின் மேல் கையை வைத்துக்கொண்டு, முதல்முறை கடலைப் பார்த்தவன்போல மனைவியைப் பார்த்தான்.

"அப்போ, நீ இத்தனை நாள் அளந்தது கோணல் ரசமட்டத்துலதானா?"