எல்லாம் பன்னிரண்டு

"இண்டைக்கும் எல்லாம் பன்னிரண்டாத்தான் வருது, கிரிசாந்த்," என்றாள் சுதர்சனா. கைபேசியைக் காதுக்கும் தோளுக்கும் இடையில் இடுக்கியிருந்தாள்.

"நேத்தும் பன்னிரண்டுதானே."

"நேத்து பதினாலு. எல்லாம் பதினாலு."

"அப்ப முன்னேற்றம் இல்லை எண்டும் சொல்லேலாது."

அவள் சிரித்தாள். காலையில் எழுந்ததிலிருந்து அவள் வாய் திறந்ததே இந்த அழைப்புக்குத்தான்.

புளியந்தீவில் அவள் தனியாக இருந்தாள். அம்மா போன வருடம் காலமாகிவிட்டார், அக்காமார் கனடாவில். கிரிசாந்தின் நிலைமையும் அதுதான்: பஸ்ஸில் ஒரு மணி நேரத் தூரத்துக் கிரானில், வயல் வட்டைக்கு நடுவே ஒரு வீடு, ஒரு கணினி, ஒரு நாய். இருவரும் ஒரே கொழும்புக் கம்பனிக்கு வீட்டிலிருந்தே வேலை செய்தார்கள். நேரில் பார்த்ததில்லை. தினமும் காலை பத்து மணிக்கு இந்த அழைப்பு, முக்கால் மணி நேரம்.

வாவியின் நீர்மட்டத்தை விநாடிக்குப் பல தடவை அளந்து, சின்னத் திரையில் கோடாகக் காட்டும் ஒரு கருவிக்கு நிரல் எழுதுவதுதான் அவர்கள் வேலை. புதிய அளவு இடது ஓரத்தில் வரும். பழைய அளவுகள் எல்லாம் ஒரு பெட்டி வலப்பக்கம் தள்ளிப் போகவேண்டும். தள்ளுவது என்றால், நினைவகத்தில் ஒரு பெட்டியில் இருப்பதை அடுத்த பெட்டியில் நகலெடுப்பதுதான்; அங்கே ஏற்கெனவே இருந்தது அழிந்துவிடும். ஆயத்தமாகக் கிடைத்த நிரல் ஒவ்வொரு பைட்டாகத் தூக்கி வைத்தது. பட்டரி எட்டு நாளில் இறங்கியது. அதனால் இருவரும் புரொசசரின் சொந்தக் கட்டளைகளிலேயே, அசெம்பிளியில், கையால் எழுதினார்கள். ஒரு தூக்கில் நாலு பைட், அதாவது ஒரு முழு எண். பட்டரி இனி ஒரு மாதம் தாங்கும். ஆனால் திரையில் கோடு ஏறவும் இல்லை, இறங்கவும் இல்லை.

"வாவிக்கு நாடி நிண்டு போச்சுப் போல," என்றான் கிரிசாந்த். "ஒருக்கா முதல்ல இருந்து சொல்லுங்க, பாப்பம்."

"பெட்டியள் வரிசையா இரிக்கி. பன்னிரண்டு, பதினஞ்சு, பத்தொன்பது, இருபது. முதலாம் பெட்டியில இரிக்கிற பன்னிரண்டத் தூக்கி ரெண்டாம் பெட்டியில வைக்கிறம்."

"ஓம்."

"மறுகா ரெண்டாம் பெட்டியில என்ன இரிக்கோ, அதத் தூக்கி மூணாம் பெட்டியில."

"ஓம்."

"மறுகா மூணாம் பெட்டியில இரிக்கிறத நாலாம் பெட்டியில."

கிரானில் ஒரு மயில் கத்துவது அவளுக்குக் கேட்டது.

"இதில எங்க பிழை எண்டு எனக்கு விளங்கல்ல," என்றான்.

"எனக்கும் விளங்கல்ல."

"வெக்கையோ? சிப் கொதிக்குதாக்கும்."

"ஃபேனுக்குக் கீழ வெச்சிப் பாத்திட்டன். ஃபேனுக்குக் கீழயும் அதே கதைதான்."

"உப்புக் காத்து?"

"வீட்டுக்குள்ளயா?"

"எனக்கென்ன தெரியும்? நான் வயல் காத்துக்காரன்."

பிறகு அவன் என்ன சாப்பிட்டீர்கள் என்று கேட்டான். பாண் என்றாள். தனக்கும் பாண்தான், நாய்க்குத்தான் சோறு என்றான்.

"நாளைக்கும் பத்து மணிக்கு எடுக்கட்டா?"

"ஓம். பிழையக் கண்டுபிடிக்கோணுமே."

மறுநாள் வெள்ளிக்கிழமை பத்து மணிக்கு வந்தது கிரிசாந்தின் அழைப்பு அல்ல. கம்பனியில் இருவருக்கும் மேலே இருக்கும் அப்ஹாம்.

"கிரிசாந்துக்கும் இப்பதான் சொன்னன், உங்களுக்கும் சொல்றன். மூணு கிழமையா ஒரு கோடு நேராக் கிடக்கு. ரெண்டு பேர்ல ஆரு வேலை செய்யல்ல எண்டு மேல கேக்குறாங்க. நாலு மணிக்குள்ள சரி வராட்டி ஒராள நிப்பாட்டச் சொல்லிட்டாங்க. ஆரெண்டு நான்தான் சொல்லோணும்."

"அவர் நல்லா வேலை செய்யிறவர், சேர்."

"அவரும் உங்களப் பத்தி இதத்தான் சொன்னார். சரி வந்தாப் பிரச்சினை இல்ல. உங்களுக்கு ஒரு குழு, அவருக்கு வேற குழு."

"அப்ப ரெண்டு பேரும் சேர்ந்து வேலை இல்லையா?"

"என்னத்துக்கு? வேலைதான் முடிஞ்சிடுமே."

அவள் கிரிசாந்தின் இலக்கத்தை எடுத்தாள். அழுத்தாமல் கைபேசியைக் கவிழ்த்து வைத்தாள். மதியம் சமைக்கவில்லை. தெருவில் மீன்காரரின் ஹோர்ன் வந்து, தூரப் போய், அடங்கியது. மூன்றரை மணிக்கு நிரல் கோப்பு ஒன்றை அப்ஹாமுக்கு அனுப்பினாள். கூடவே இரண்டு வரி எழுதினாள்.

நாலு மணிக்கு அவர் அழைத்தார்.

"உங்கட வந்தது. இது கிரிசாந்த் கண்டுபிடிச்சது, பேர அவருக்குப் போடுங்க எண்டு எழுதியிருக்கீங்க."

"ஓம், சேர். அவர்தான்."

"அவர்ர கோப்பு அதுக்குப் பத்து நிமிசம் முந்தி வந்தது. அதில, சுதர்சனா கண்டுபிடிச்சது எண்டு இரிக்கி."

அவள் கைபேசியை மற்றக் காதுக்கு மாற்றினாள்.

"ரெண்டும் வேலை செய்யிது. வரிக்கு வரி ஒண்டுதான். இது கெம்பஸ்ல முதலாம் வருசப் பாடம், சுதர்சனா. சந்தேகம் வந்துதான் எழுதின திகதியப் பாத்தன்." அவர் பெருமூச்சு விடுவது கேட்டது. "கிரானுக்கு பஸ் ஓடுதுதானே, தங்கச்சி. அதுக்கு ஏன் என்ட கோட்ட மூணு கிழமை படுக்க வெச்சீங்க?"

அவன் எழுதி முடித்தது மூன்றாம் திகதி, அவள் முடித்தது நாலாம் திகதி, அன்று இருபத்தாறு. இரண்டு கோப்புகளின் தலையிலும் தீர்வு ஒரே குறிப்பாக இருந்தது: கடைசிப் பெட்டியை முதலில் நகர்த்து, பிறகு அதற்கு முந்தியதை, முதலாம் பெட்டியை எல்லாவற்றுக்கும் கடைசியாக.