வரிசையில் நின்று வாங்கியது

“களவாய் வந்ததுகளுக்கெல்லாம் கையெழுத்து வைக்க என்ரை கை என்ன ரப்பர் முத்திரையோ, விதானையார்?”

சிவகரன் போட்ட சத்தத்தில் நீர்வேலி கிராம அலுவலரான விதானையாரின் கந்தோருக்கு வந்திருந்த எல்லோரும் திரும்பிப் பார்த்தார்கள். ஆரபிக்கு அவமானத்தில் முகம் சிவந்துபோனது.

அவள் பிறந்தது தமிழ்நாட்டு அகதி முகாமில். அப்பா ஆழ்வாப்பிள்ளை அருட்செல்வன் அங்கேயே செத்துப்போக, ஒரு பத்திரமும் இல்லாமல் படகேறி ஊருக்கு வந்தவள். இலங்கைப் பிரசையாகப் பதிந்தால்தான் அடையாள அட்டை. அது இருந்தால்தான் தாதிப் படிப்புக்குக் கிடைத்த இடம் நிலைக்கும். அதற்கு, அப்பா இந்த ஊர்ப் பிள்ளைதான் என்று அவரை அறிந்த ஒருவர் சாட்சிக் கையெழுத்து வைக்கவேண்டும். தவணை நாளையோடு சரி.

“தகப்பன்ரை பிறப்புப் பத்திரமும் இல்லையோ, தங்கச்சி?” என்று கேட்டார் விதானையார் கிருஷாந்.

“ஆரோ கூட்டாளி கொழும்பிலை அலுவல் பாத்துத் தாறன் எண்டு வாங்கிக்கொண்டு போனவராம், சேர். பிறகு ஆளும் இல்லை, பத்திரமும் இல்லை. பதிவுப் புத்தகமும் சண்டையிலை எரிஞ்சுபோச்சுங்க.”

“கேட்டியளோ? ‘போச்சுங்க’வாம்! வாயைத் திறந்தால் இந்தியா. உவள் எந்த ஊரோ, ஆர் கண்டது?” என்று துள்ளினார் சிவகரன். பிரான்சிலிருந்து வந்து தேத்தண்ணிக் கடைக்காரனுக்கும் நன்றிக்குப் பதில் ‘மெர்சி’ சொல்லுகிற மனுசன், அடுத்தவள் பேச்சில் பிழை பிடிக்க வந்துவிட்டார்!

“அண்ணை,” என்றார் கிருஷாந், “நீங்களும் அருட்செல்வனும் பள்ளிக்கூடத்திலை ஒரே வாங்கிலை இருந்து படிச்சனீங்கள்தானே? அதுக்குத்தான் உங்களைக் கூப்பிட்டனான். அவரைத் தெரிஞ்ச வேறை ஒருத்தரும் இப்ப ஊரிலை இல்லை.”

“படிச்சனாங்கள்தான். அதுக்காண்டி? சட்டம் எண்டு ஒண்டு இருக்கெல்லோ!”

சட்டைப்பையிலிருந்து பிரெஞ்சுப் பாஸ்போட்டை உருவி ஆட்டினார். விடுமுறைக்கு வந்த நாள்தொட்டு அதன் சிவப்பு மட்டையைப் பார்க்காத வாழைக்குலை வியாபாரி நீர்வேலிச் சந்தையில் இல்லை. மட்டையை மட்டும்தான். விரித்துக் காட்டுகிற பழக்கம் அவருக்கு இல்லை.

“இது களவாய் எடுத்ததில்லை. பனிக்குள்ளை வரிசையிலை நிண்டு, உள்ளதை உள்ளபடி சொல்லி, முறைப்படி வாங்கினது. உவையளும் அப்பிடி வாங்கட்டும்!”

ஆரபிக்கு அழுகையும் ஆத்திரமும் சேர்ந்து வந்தன. “மாமா, பொய் சொல்லச் சொல்லி நான் கேக்கேல்லை. அப்பாவைத் தெரியும் எண்டு மட்டும் சொல்லுங்கோ.”

“அதையும் சொல்லமாட்டன்.”

“சரி, வேண்டாம் அண்ணை,” என்றார் கிருஷாந். “சாட்சி மறுத்தவர் எண்டு நான் எழுதவேணும். பேர் விபரத்தை உதிலையே பாத்து எழுதுறன்.” ஆடிக்கொண்டிருந்த பாஸ்போட்டை எட்டி வாங்கிவிட்டார்.

“ஐயோ, தாரும் ஐசே!” சிவகரன் மேசைக்கு மேலால் பாய்ந்தார். ஆனால் கிருஷாந் அதற்குள் விரித்துவிட்டார்.

படத்தைப் பார்த்தார், ஆளைப் பார்த்தார். திரும்பவும் படத்தைப் பார்த்தார். பிறகு எழுத்துக்கூட்டி வாசித்தார்.

“பேர்… ஆழ்வாப்பிள்ளை அருட்செல்வன். பிறந்த இடம்… நீர்வேலி.”

ஆரபி எழுந்துபோய் அந்தப் பக்கத்தைப் பார்த்தாள். அப்பாவின் பெயர். அப்பாவின் பிறந்த தேதி. படம் மட்டும் சிவகரனுடையது.

அவள் கண்ணைத் துடைத்தாள். விண்ணப்பத்தைச் சிவகரனுக்கு முன்னால் தள்ளி, பேனையின் மூடியைக் கழற்றி வைத்தாள்.

“எனக்கு இனிச் சாட்சி வேண்டாம் சேர், தகப்பனே நேரிலை வந்திருக்கிறார் எண்டு எழுதுங்கோ. அப்பா, இதிலை ஒரு கையெழுத்து வையுங்கோ!”